பாய்க்கு அடியில் யார்?

விடியற்காலையில் நாய்கள் குரைத்தபோதே தெரிந்துவிட்டது, மனுவேலே வீட்டார் வந்துவிட்டார்கள். எழுந்து பார்த்தேன். என் வாசல் புல்தரையில் இருபது பேர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் ஒருவன் மட்டும் மண்டியிட்டு, தலைக்குமேல் நேர்த்தியான பாய் ஒன்றைப் போர்த்திக் குனிந்திருந்தான். பக்கத்தில் விறகும் அடுப்புக் கற்களும் வைத்திருந்தார்கள். எங்களைச் சுட்டுத் தின்பதானாலும் தின்றுகொள் என்று அதற்கு அர்த்தம். சமோவாவில் மன்னிப்புக் கேட்பது இப்படித்தான். அடிபட்ட வீட்டின் தலைவர் வந்து பாயை எடுத்தால் பகை தீர்ந்தது. பொழுது சாயும்வரை எடுக்காவிட்டால், வந்தவர்கள் அவமானத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

பெண்ணானாலும் எங்கள் வீட்டுத் தலைமைப் பட்டம் என்னிடம் இருக்கிறது. அந்தப் பாயைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டு, உள்ளே போய் நிதானமாகக் கோக்கோ காய்ச்சினேன்.

என் தம்பி ரொபாத்தியை நான்கு வயதில் சித்தி சிட்னிக்குக் கூட்டிப்போனாள். முப்பது வருஷம் அங்கே வளர்ந்தான். தீவுக்காரன், ஆள் தடியன் என்பதால் போலீஸ் அவன் வண்டியை மட்டும் நிறுத்தும். ஒருநாள் குடித்துவிட்டு ஒருவனை அடித்தான், அது தப்புதான். ஒரு வருஷம் சிறை. அப்புறம் ‘உன் நாட்டுக்குப் போ’ என்று விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அவன் நாடு எது என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அப்படி வருகிறவர்களுக்கு எங்கள் ஊரில் ‘பிளேன் ஏத்திவிட்ட பய’ என்று பேர். எட்டு வருஷத்துக்கு முன்னால் முதலில் வந்தவன் கடையை உடைத்து இறைச்சி டப்பா எடுத்தான். எத்தனை? மறுநாள் குறைந்ததை நானே எண்ணினேன், இரண்டு. அடுத்த வருஷம் ஊர் வாயில் அது ஒரு பெட்டியானது. பிறகு கடையையே துடைத்துக்கொண்டு போனான் என்றார்கள். அவனுக்குப் பின்னால் வந்த ஒவ்வொருவனும் அந்த இரண்டு டப்பாவையும் சுமந்துகொண்டுதான் இறங்கினான்.

போன மாதம் தேவாலயத்து ஜெனரேட்டர் காணாமல் போனது. ஊர்ச்சபையில் பெரியவர் மனுவேலே எழுந்தார். சாட்சி கேட்கவில்லை, விசாரிக்கவுமில்லை.

“ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். பிளேன் ஏத்திவிட்ட பய இருக்கும்போது வேற யாரைத் தேடறது?”

அவ்வளவுதான். அன்று மாலை வாலிபர்கள் கல்லோடு வந்தார்கள். ரொபாத்தியின் இடது கண் போனது. போன வாரம் ஜெனரேட்டர் அடுத்த தீவில் அகப்பட்டது. விற்றவன் ஆசோ. மனுவேலேயின் சொந்த மகன், பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நிற்கிறவன். அவனே ஒப்புக்கொண்டான்.

அதனால்தான் இந்தப் பாய். பழிக்குக் காரணமானவனைத்தான் அதற்குள் உட்காரவைப்பார்கள். வேகட்டும் என்று விட்டேன்.

ஒன்பது மணிக்கு வெயில் ஏறியது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர்கள் கண்ணில் படும்படி அப்பம் தின்றேன். பாயின் பின்புறம் இரண்டு பாதங்கள் வெளியே தெரிந்தன. கணுக்காலில் பச்சை குத்தியிருந்தது. நம் ஊர்ப் பச்சையில்லை, ஏதோ கோணல் எண்கள்.

“பாருடா, இந்த ஆசோப் பய எப்போ குத்திக்கிட்டான்? காலப் பாத்தாலே சொல்லிடலாம், திருட்டுப் பயன்னு.”

பக்கத்தில் தின்றுகொண்டிருந்த ரொபாத்தி ஒற்றைக் கண்ணால் என்னையே பார்த்தான். அவன் பேச்சு இன்னும் உடைந்த பேச்சுதான்.

“போதும்க்கா. எடுத்துடு. வெயிலு.”

“உன் கண்ணை எடுத்தப்போ அவங்களுக்கு நிழலு தெரிஞ்சுதா? வாய மூடிட்டுச் சாப்பிடு.”

உச்சிவேளையில் என் ஆத்திரத்துக்கு வீடு போதவில்லை. இறங்கிப் போனேன். பாய்க்குப் பக்கத்தில் குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்.

“கண்ணுக்குக் கண்ணு கேக்காம விட்டேனேன்னு சந்தோஷப்படுடா, நாயே.”

பாய்க்குள்ளிருந்து காய்ந்த குரல் வந்தது. “அம்மா... தண்ணி. கொஞ்சம்.”

அது ஊர்ப் பேச்சில்லை. என் தம்பியின் உடைந்த பேச்சு. பாயைப் பிடுங்கினேன். பின்வரிசையில் பெருமூச்சுகள் எழுந்தன, நான் மன்னித்துவிட்டேன் என்று.

உள்ளே ஆசோ இல்லை. மனுவேலேயின் தங்கை மகன் சோலொமோனா இருந்தான். மூன்று மாதம் முன்னால் சிட்னியிலிருந்து ஏற்றிவிடப்பட்டவன். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

“ஆசோ எங்க?” என்று கேட்டேன்.

மனுவேலே தலை நிமிர்ந்தார். மூன்றாம் வரிசையில், மாமர நிழலில் இருந்தார். “வீட்டுல இருக்கான். நாளைக்கு ஞாயிறு, பாட்டு ஒத்திகை. இவனும் எங்க வீட்டுப் பையன்தானே, தாயே. யார் உக்காந்தா என்ன? இவனுக்கு இதெல்லாம் பழக்கம்.”

பழக்கமாம்! எனக்குள் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது.

“திருட்டுக் குடும்பம்டா நீங்க! மகன் திருடுவான், அப்பன் மறைப்பான். பரம்பரை ரத்தம்! உன் தாத்தன் பக்கத்து ஊர்ப் படகைத் திருடுனவன்தானே? ஒரு பய கூட யோக்கியன் கிடையாது உங்க வீட்டுல!”

அவர் தாத்தா படகு திருடினாரா என்று எனக்குத் தெரியாது. வாயில் வந்தது, சொன்னேன். அதற்குள் வேலியோரம் ஊரே கூடிவிட்டது.

“பாயை எடுத்தது மன்னிக்கறதுக்கு இல்ல, ஆளைப் பாக்கறதுக்கு. கல்லெறியச் சொன்ன தலை வந்து இதுக்குள்ள நுழையட்டும். அப்புறம் யோசிக்கறேன்.”

சோலொமோனாவைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிப்போனேன். தண்ணீர் கொடுத்தேன். சேப்பங்கிழங்கும் தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் வைத்தேன். வெளியே மனுவேலே முட்டிக்காலில் வந்து, தன் கையாலேயே பாயை இழுத்துப் போர்த்திக்கொண்டார். எழுபது வயசு. கண்குளிரப் பார்த்தேன்.

“நீயும் காலப் பாத்துத்தானேக்கா சொன்ன, திருடன்னு?” என்றான் ரொபாத்தி.

நான் சோலொமோனாவுக்கு இன்னொரு கிழங்கு வைத்தேன்.

பொழுது சாய்ந்தது. பாயை நான் எடுக்கவில்லை. மனுவேலே தானே எழுந்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்க நடந்தார். இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி இனித்தது.

சோலொமோனாவை அவர்கள் வீட்டில் சேர்க்கவில்லை. எங்களோடே தங்கிவிட்டான். தோட்டம் கொத்துவான், ரொபாத்தியோடு ராகமில்லாமல் பாடுவான். பத்து நாள் கழித்து உப்பும் சோப்பும் வாங்கிவரச் சொல்லிக் கடைக்கு அனுப்பினேன். வெறுங்கையோடு வந்தான்.

“ஏண்டா, கடை பூட்டியிருக்கா?”

“இல்லம்மா. எனக்குக் கிடையாதாம்.”

“பிளேன் விவகாரமா? இன்னுமா அதப் பேசறாங்க?”

“அது இல்ல. மனுவேலே குடும்பமாம் நான். திருட்டு ரத்தமாம். ஏதோ படகாம்.”

கொண்டையை முடிந்துகொண்டு கடைக்குப் போனேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்வதுபோல் நாலு கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் போனேன். கடைக்காரி என்னைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்து, தன் நாற்காலியையே எடுத்துப் போட்டாள்.

“வாங்க, வாங்க. உங்க தயவுல உஷாரா இருக்கோம். நீங்க சொல்லலைன்னா அந்தக் குடும்பத்தைப் பத்தி எங்களுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?”