அழைத்துச் சென்றார்

எல்லாரும் சௌக்கியமா கண்ணுகளா? மூட்டுவலி, சளி ஒன்றும் இல்லையே? எனக்கு ரத்தக்கொதிப்புதான். ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் தெருத் தையல்காரி பள்ளிக்கூட வாசலுக்குப் போனபோது மணி மூன்றேகால். ஆறு வயது மகளைக் காணோம். அப்பா பலூனோடு வந்து கூட்டிப்போய்விட்டாரே, பிள்ளை சிரித்துக்கொண்டே காரில் ஏறியதே என்றார் வாட்ச்மேன். பிள்ளை தாயிடம்தான் இருக்க வேண்டும் என்று கோர்ட்டு தீர்ப்புச் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. பிரிந்துபோன புருஷனுக்கு ஆறு மணிக்கு வெளிநாட்டு விமானம், பிள்ளைக்கும் சேர்த்து டிக்கெட். மனசு கேட்காமல் நாத்தனாரே போனில் சொல்லிவிட்டாள்.

தீர்ப்பு நகலோடு போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினாள். புகார் எழுதுகிற ரைட்டர் நிதானமாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பெற்ற அப்பன் கூட்டிப்போவது குற்றமா, பிள்ளை பலூனோடு சிரித்துக்கொண்டேதானே காரில் ஏறியது என்று அளந்தார். பிறகு எழுதி நீட்டினார்: 'தந்தை மகளை அழைத்துச் சென்றார்.'

அவளுக்கு உச்சந்தலைவரை எரிந்தது.

"அழைச்சிட்டுப் போறது விருந்துக்கு சார். இது கடத்தல். அப்படியே எழுதுங்க."

"கடத்தல்னா வாயைப் பொத்தணும், கையைக் கட்டணும். சினிமா பாத்ததில்லையாம்மா?"

பிள்ளை யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் சம்மதமில்லாமல் கொண்டுபோனாலே கடத்தல், பிள்ளை சிரித்ததா அழுததா என்பது பேச்சே இல்லை என்று வக்கீலம்மா சொன்னதை அவள் ஒப்பித்தாள். ரைட்டர் கொட்டாவி விட்டார். கையெழுத்துப் போடு, நேரமாகிறது என்றார். நேரமாகிறதாம்! மணி நாலேகால்.

அவள் அவர் பேனாவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஏய், அது என் பேனா. திருட்டுக் கேஸ் போடுவேன்."

"பேனா அழவே இல்லையே சார், சமத்தா வந்துச்சு. பேனாவுக்கு மட்டும் வார்த்தை டக்குனு வருதா?"

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் எட்டிப் பார்த்தார். தீர்ப்பைப் படித்தார். ரைட்டரைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும். 'அழைத்துச் சென்றார்' என்பதை அடித்துவிட்டுத் தன் கையாலேயே 'கடத்திச் சென்றார்' என்று எழுதினார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் விமான நிலையத்துக்குப் போன் போனது. விமானத்தில் ஏறுகிற வரிசையில் வைத்து அவனை நிறுத்தினார்கள்.

பலூன் சுருங்கிப்போய்ப் பிள்ளை திரும்பி வந்தது. ஒரு வார்த்தைக்கா இவ்வளவு ரகளை என்று ரைட்டர் முணுமுணுத்தார். தையல்காரி பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"இந்தாங்க. அழைச்சிட்டு வந்திருக்கேன்."

உங்கள் புகாரையும் இப்படி எவராவது மழுப்பி எழுதினார்களா? என்ன வார்த்தை, அதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள், எனக்கு எழுதுங்கள்.