சிகாகோவுக்குப் பதினோரு மணி நேரம்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில் சூளை மேற்பார்வையாளராக இருக்கும் கொளஞ்சிநாதன், டிக்கெட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் முடிவு செய்திருந்தார். சென்னையில் அதிகாலை மூன்றரைக்குப் புறப்பாடு. தோகாவில் விமானம் மாறினால், அன்றே மதியம் இரண்டரைக்குச் சிகாகோ. ஆக, பதினோரு மணி நேரம்.

அவருக்குச் சர்க்கரை நோய். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டாக வேண்டும். விமானம் ஏறும் வரைக்கும் போட்டது போக, பழைய ஊசிப் பேனாவில் ஒரு தடவைக்கு மருந்து மிச்சமிருக்கும். காலைக்கு அது போதும், இரவு ஊசியை மகன் வீட்டில் போட்டுக்கொள்ளலாம் என்று புதுப் பேனாக்களைப் பெரிய பெட்டிக்குள் வைத்துக் கயிறு கட்டிவிட்டார்.

விமானத்துக்கு முந்தின நாள் காலையில் மகன் பாரி சிகாகோவிலிருந்து கூப்பிட்டான்.

"மதியத்துக்கு ரசம் மட்டும் வெச்சிடுடா, வந்து சாப்புடுறோம்" என்றாள் அவன் அம்மா சிவசங்கரி.

"உங்களுக்கு அது மதியமே இல்லம்மா. நீங்க இங்க எறங்கறப்போ நம்மூர்ல ராத்திரி ஒரு மணி. வர்றதுக்கு இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல ஆவும்."

சிவசங்கரிக்குச் சட்டென்று ஊசி நினைவுக்கு வந்தது. போனை வைத்ததும் கணவரிடம் சொன்னாள்.

"டிக்கெட்ல தெளிவா போட்டிருக்குது. அவன் ஏதோ ஒளறுறான்."

"அந்தந்த ஊரு மணியதாங்க போட்டிருக்காங்க. நேராப் போனாலே பதிமூவாயிரத்து எழுநூறு கிலோமீட்டராம். ப்ளைட்டு மணிக்குத் தொள்ளாயிரம் போவுமாம். நீங்களே வகுத்துப் பாருங்க."

கொளஞ்சிநாதன் டிக்கெட்டின் பின்பக்கம் வகுத்தார். பதினைந்தைத் தாண்டியது. நடுவில் இறங்கிக் காத்திருக்கும் நேரம் வேறு. இன்னொரு முறை வகுத்துவிட்டு டிக்கெட்டை மடித்தார்.

"அப்ப ராத்திரி ஊசி வானத்துலயா?"

டாக்டருக்குப் போன் போட்டார்கள். வாட்சை மாற்ற வேண்டாம், நம்மூர் நேரத்துக்கே சாப்பிட்டு ஊசி போடுங்கள், மருந்து கைப்பையில் இருக்கட்டும் என்று சொல்லி, விமானத்தில் காட்ட ஒரு கடிதமும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கொளஞ்சிநாதன் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

தோகாவில் கட்டிக்கொண்டு வந்த இட்லியோடு காலை ஊசி முடிந்தது, பழைய பேனாவும் காலியானது. அடுத்த விமானத்தில் அவர் வாட்ச் இரவு எட்டைக் காட்டியபோது ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில். சுற்றிலும் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சிவசங்கரி கடிதத்தைக் காட்டியதும் பணிப்பெண் சாப்பாட்டைச் சூடாக்கிக் கொண்டுவந்தாள்.

புது ஊசிப் பேனாவைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பெட்டியிலயே இருந்திருந்தா என்னா ஆயிருக்கும், சங்கரி?"

"இப்பதான் கையில இருக்குதே. போட்டுட்டு சாப்புடுங்க, ஆறிடப் போவுது."

சிகாகோவில் இறங்கி, காரில் உட்கார்ந்ததும் பாரி முதல் வேலையாக அப்பாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தான். நூற்று அறுபத்திரண்டு.

"பரவாயில்லப்பா. களைப்பா இருக்குதா?"

"களைப்பு கெடக்கட்டும். இன்னிக்குப் பொழுது எப்பதான்டா போவும்?"

"இருட்டுறதுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்குதுப்பா" என்று பாரி வண்டியை எடுத்தான். பின்சீட்டில் சிவசங்கரி அதற்குள் தூங்கிவிட்டிருந்தாள்.