எட்டுச் சான்றிதழ்களில் என் கையெழுத்து

பத்ரிநாராயணன் என்ற பெயரில் எனக்கு ஒருவரையும் தெரியாது. ஜூன் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் சென்னையிலிருந்து தொலைபேசியில் அழைத்து எனக்கு நன்றி சொன்னார்.

என் மருமகன் றொஜன், தங்கை மெற்றில்டாவின் ஒரே மகன், வெம்பிளியில் ஒரு பயணக் கம்பனி நடத்துகிறான். ஸ்கொட்லாந்துக்குக் கோல்ஃப் விளையாடப் போகிறவர்களை அழைத்துப் போவதுதான் தொழில். அடுத்த வாரம் போகவிருந்த எட்டுப் பேரில் தானும் ஒருவர் என்று அறிமுகம் செய்துகொண்டார் பத்ரிநாராயணன்.

"நீங்க மட்டும் கையெழுத்துப் போடலேன்னா எங்களை உள்ளயே விட்டிருக்க மாட்டாங்களாம் சார்."

எந்தக் கையெழுத்து என்று கேட்டேன்.

"ஹாண்டிகாப் சர்டிபிகேட்ல போட்டீங்களே. எனக்குப் பதினாறுன்னு குடுத்திருக்கீங்க. நான் வாழ்க்கையில ஆடினதே நாலு தடவைதான் சார். அதுல ரெண்டு தடவை பந்து குளத்துக்குள்ள போயிடுச்சு."

மனம்விட்டுச் சிரித்தார். நல்ல மனிதர்; தான் என்ன சொல்கிறார் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சான்றிதழை எனக்கும் அனுப்பும்படி கேட்டேன். குழுவில் எல்லோருடையதும் அவரிடம் இருந்தது. எட்டையும் அனுப்பினார். ஹரோவில் என் வீட்டு முன்னறையில் அச்செடுத்து மேசையில் வரிசையாக வைத்தேன். எட்டிலும் 'தலைவர், தமிழ் கோல்ஃப் சங்கம், லண்டன்' என்று இருந்தது. அதற்கு மேலே என் கையெழுத்து. நான் போடாத கையெழுத்து.

என் பெயர் பஸ்தியாம்பிள்ளை. வயது எழுபத்தெட்டு. இந்த நகரத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தமிழ்ப் பத்திரங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்றளித்து வருகிறேன். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, மரணப் பதிவு, இராணுவ முகாமிலிருந்து விடுவித்த கடிதம். ஒவ்வொன்றின் அடியிலும் 'இது உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற ஒரு வரி, அதன் கீழே என் கையெழுத்து. சொந்த ஊரான இளவாலையில் எங்களுக்கு இருந்த காணியும் வீடும் போரில் போய்விட்டன. எங்கள் குடும்பத்துக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சொத்து அந்தக் கையெழுத்துத்தான். பஸ்தியாம்பிள்ளை போட்டது என்றால் எந்த வழக்கறிஞரும் திருப்பிக் கேட்பதில்லை.

சென்ற ஆண்டு றொஜன் தன் திட்டத்தோடு வந்தபோது நான் மகிழ்ந்தேன் என்பதையும் சொல்லவேண்டும். அமெரிக்கர்கள் வந்து ஸ்கொட்லாந்தின் பெயர்பெற்ற மைதானங்களை ஓராண்டுக்கு முன்பே பிடித்துவிடுகிறார்கள் என்றான். இனிச் சென்னை, சிங்கப்பூர், ரொறன்ரோவிலிருந்தும் எங்கள் ஆட்கள் வருவார்கள். கையில் வசதி இருக்கிறது, வழிகாட்டத்தான் ஆள் இல்லை என்றான். பயணம் போகும் வான் வண்டியில் கூடவே ஒரு சமையல்காரர். விளையாடாத மனைவிமாருக்குக் கோட்டைகளும் கம்பளிக் கடைகளும். எல்லாம் யோசித்து வைத்திருந்தான்.

ஆனால் என் மனதைத் தொட்டது வேறு. அந்த விளையாட்டில் நடுவர் கூடவே வருவதில்லையாம். ஆடுபவன் தன் பிழையைத் தானே சொல்லவேண்டும். அட்டையில் தன் அடிகளுக்குத் தானே கையெழுத்துப் போடவேண்டும். கூட ஆடிய ஒருவர் சாட்சியாகப் போடவேண்டும். பொய்யான அட்டையில் கையெழுத்திட்டால் ஆட்டமே இல்லை. இதைக் கேட்டதும், இது எங்கள் குடும்பத்துக்குப் பொருந்திய விளையாட்டு என்று நினைத்தேன். அவன் தொடங்கிய சங்கத்துக்குக் கௌரவத் தலைவராக இருக்கச் சம்மதித்தேன். வரவேற்புக் கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டும் கொடுத்தேன். அதிலிருந்த கையெழுத்தைத்தான் எடுத்திருக்கிறான்.

எட்டுத் தாள்களையும் உறையில் போட்டுக்கொண்டு மெட்ரோபொலிற்றன் ரயிலில் வெம்பிளிக்குப் போனேன். சேலைக்கடைக்கு மேலே அவன் அலுவலகம். சுவரில் பச்சை மைதானங்களின் படங்கள். அவற்றின் நடுவே, கோட்டுப் போட்ட என் படம்.

தாள்களைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. பிறகு வியாபாரக் குரலில் விளக்கத் தொடங்கினான். ஹாண்டிகாப் என்பது ஆட்டக்காரரின் தரத்தைக் காட்டும் எண். குறையக் குறைய ஆட்டம் நல்லது. அடுத்த வாரம் இவர்கள் ஆடவிருந்த பழைய மைதானத்தில் எண் கூடினவர்களை விடமாட்டார்கள். இந்த எட்டுப் பேருக்கும் எண்ணே கிடையாது. இடத்தை ஓராண்டுக்கு முன்பே எடுத்தாயிற்று. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றான். யார் அந்த எல்லாரும் என்று கேட்டேன்.

"எட்டு நம்பர், மாமா. ஆருக்கு என்ன நட்டம்? இது வெறும் விளையாட்டு."

நான் தாள்களைத் திரும்ப உறைக்குள் அடுக்கினேன். நான் இளகிவிட்டேன் என்று அவன் தப்பாக எடுத்துக்கொண்டான்.

"அப்பாவுக்கு ஒரு நம்பரை மாத்தித் தரமாட்டன் எண்டனீங்கள். ஆறு வருசம் நான் அப்பா இல்லாமல் இருந்தனான். இதிலயாவது உங்கட கையெழுத்து எங்களுக்கு உதவட்டும் எண்டு நினைச்சன்."

அவன் சொன்னது உண்மை. 1991இல் மெற்றில்டாவின் கணவர் சூசைதாசன் அகதியாக இங்கே வந்தார். முகாமிலிருந்து விடுவித்த தேதியை விசாரணையில் தவறாகச் சொல்லிவிட்டார். கடிதத்தில் இருந்தது வேறு மாதம். மொழிபெயர்ப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றினால் போதும் என்று என் வீட்டு முன்னறையில் வந்து நின்றார். நான் மாட்டேன் என்றேன். வழக்கு இழுபட்டது. மெற்றில்டாவும் சிறுபிள்ளையான றொஜனும் ஆறு ஆண்டுகள் கொழும்பில் ஒரு வாடகை அறையில் காத்திருந்தார்கள். சூசைதாசன் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. என் கையெழுத்து என்றால் என்ன என்று அந்த மனிதருக்குத் தெரியும்.

"உன்ர கொப்பர் என்னட்டைக் கேட்டவர். கேட்டு, நான் இல்லையெண்ட உடன திரும்பிப் போனவர். களவெடுக்கேல்லை. அவருக்கு நான் குடுக்காததை நீ எடுத்து, பந்தைக் குளத்துக்குள்ள அடிக்கிறவனுக்குக் குடுத்திருக்கிறாய்."

அவன் தலை கவிழ்ந்தது. எனக்கு இரக்கம் வரவில்லை. அடுத்த நாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அந்த மைதானத்தின் செயலாளருக்கு அவனே எழுதவேண்டும், இல்லாவிட்டால் நான் எழுதுவேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கைப்பிடியைப் பிடிக்காமலே படியிறங்கினேன். கோபத்தில்தான்.

மாலை மெற்றில்டா வந்தாள். கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். மகன் கம்பனியை இழப்பான், பொலிஸ்கூட வரலாம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் தமிழ்ப் பூசையில் சனம் என்ன கதைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். தேநீர் வைத்தேன், தொடவில்லை.

"குடும்ப மானம் எண்டு சொல்லிச் சொல்லியே என்ர மனுசனை ஆறு வருசம் நிக்க வைச்சனீங்கள் அண்ணை. இப்ப பிள்ளையைக் காட்டிக் குடுக்கிறதோ மானம்?"

நான் அவனைக் காட்டிக் கொடுக்கவில்லை, தானே சொல்ல அவனுக்கு ஒரு நாள் கொடுத்திருக்கிறேன் என்றேன். இன்று இதை மூடினால், நாளைக்கு ஒருவர் இந்தச் சான்றிதழைத் தூக்கிக் காட்டிக் கேட்பார். நான் சான்றளித்த ஒவ்வொரு பிறப்பும் ஒவ்வொரு மரணமும் அன்றைக்குச் சந்தேகத்துக்கு உள்ளாகும். அவற்றை நம்பி இந்த நாட்டில் குடியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டேன். எழுந்து கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனாள். எழுபது வயதில் அப்படிச் சாத்த அவளுக்கும் கோபம்தான் பலம் கொடுத்திருக்கவேண்டும். நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

மறுநாள் பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது றொஜன் வந்தான். தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினான். கணினிக் கோளாற்றினால் சான்றிதழ்கள் தவறுதலாக உருவாகிவிட்டன, வருந்துகிறோம் என்று இருந்தது.

"கம்பியூட்டருக்கு என்ர கையெழுத்தை ஆர் காட்டினது?" என்று கேட்டேன்.

கடிதத்தை இரண்டாகக் கிழித்து மேசையில் வைத்தேன். பக்கத்தில் வெள்ளைத் தாளும் என் பேனாவும் இருந்தன. அவன் நாற்காலியை இழுத்தான். பிறகு, அவன் தகப்பனின் கடிதத்தை நான் மொழிபெயர்த்த அதே மேசையில் உட்கார்ந்து எழுதினான். ஐந்து வரிகள். கையெழுத்தை மாமாவின் அனுமதியில்லாமல் நான் வைத்தேன், அவருக்குத் தெரியாது, எண்கள் எட்டும் பொய் என்று எழுதினான்.

"இதை அனுப்பினால் இனி அந்தப் பக்கம் எட்டியும் பாக்கேலாது, மாமா."

"ஓம்" என்றேன். "கையெழுத்தைப் போடு."

போட்டான். கீழே சாட்சியாக நானும் போட்டேன். அவன் சொல்லித்தந்த விளையாட்டில் அதுதானே முறை. என் கண் முன்னால் அதைப் படமெடுத்துச் செயலாளருக்கு அனுப்பினான்.

செயலாளரின் பதில் மறுநாளே வந்தது. இட ஒதுக்கீடு ரத்து. இரண்டு ஆண்டுகளுக்கு அவன் கம்பனியிடமிருந்து விண்ணப்பம் ஏற்கமாட்டார்கள். தாமாகவே தெரிவித்ததால் இதோடு விடுகிறோம் என்று கடைசியில் ஒரு வரி. எட்டுப் பேரும் எண் கேட்காத ஒரு சிறிய கடற்கரை மைதானத்தில் விளையாடினார்கள். பத்ரிநாராயணன் அங்கிருந்தே அழைத்தார். இந்த முறை பந்து கடலுக்குள் போய்விட்டதாம். பதினாறு என்ற சீட்டோடு அந்தப் பெரிய மைதானத்தில் நின்றிருந்தால் மானமே போயிருக்கும் சார் என்றார். மானம் என்ற சொல்லை அவ்வளவு இலேசாகச் சொல்ல அவரால் முடிகிறது.

மெற்றில்டா பூசைக்கு வருகிறாள். எனக்கு இரண்டு வரிசை முன்னால் அமர்ந்து, திரும்பிப் பார்க்காமல் போகிறாள். றொஜன் வருவதில்லை. சென்ற வாரம் அவனிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. என் படத்தை இறக்கிவிட்டானாம். கணினியில் இருந்த என் கையெழுத்தையும் அழித்துவிட்டானாம்.

என் கோபம் ஆறவில்லை. உடனே பதில் அனுப்பினேன்: 'அழித்ததாகத் தாளில் எழுதி, கையெழுத்து வைத்துக் கொண்டுவந்து தா.'

இன்னும் வரவில்லை. மேசையில் அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.