வாவிச் சேற்றில் கடல்மண்

சண்டை முடிந்த அடுத்த வருடம், மட்டக்களப்பு வாவியின் அடிச்சேற்றை ஆராய்ச்சிக்கு எடுக்கக் குழாய் இறக்கும் கூலிவேலை எனக்குக் கிடைத்தது. சோறு கொண்டுவந்த என் மனைவி தங்கநேசம் கரையில் நின்றாள். களுதாவளைப் பிள்ளையாருக்கு வைத்த நேர்த்திக்கடனைத் தான் செலுத்தாததால்தான் சுனாமி எங்கள் மகளைக் கொண்டுபோனது என்று அவள் நம்பியிருந்தாள்.

ஆராய்ச்சிக்கு வந்த மேனுகா குழாயைப் பிளந்தாள். கறுத்த சேற்றின் மேற்பக்கம் விரலளவு வெள்ளை மணல் தெரிந்தது.

“இது சுனாமி கொண்டந்த கடல்மண், அக்கா.”

அதற்கு ஒரு முழம் கீழே இன்னொரு வெள்ளைக் கோடு கிடந்தது. தங்கநேசம் குனிந்தாள்.

“அது என்ன புள்ள?”

“அதுவும் சுனாமிதான். நம்மட பூட்டன்மார் பிறக்கிறதுக்கும் எவ்வளவோ முந்தி வந்தது.”

தங்கநேசம் அந்தப் பழைய மணலை மெதுவாகத் தொட்டாள்.

“அப்ப அது ஆருட நேர்த்திக்கு வந்தது?”

மேனுகா விளங்காமல் என்னைப் பார்த்தாள். அது அவள் குற்றமில்லை என்று இத்தனை காலம் நான் சொல்லிக் கேட்காதவள், மணல் சொன்னதைக் கேட்டுவிட்டாள்.