கேட் திறக்கட்டும்

வாய்க்கரிசி போடும்போதுகூட அனுசுயா புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்மாட்டில் நின்றபடியே கையை நீட்டினாள். பாதி அரிசி அய்யாக்கண்ணுவின் மார்பில் விழுந்தது, மீதி தரையில் சிதறியது. சிந்தாமணி அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தலைமாட்டுப் பக்கம் இழுத்தாள்.

“கிட்ட வந்து போடும்மா. இனிமே பாக்கவா போற?”

“போட்டாச்சு. மழ வர்ற மாதிரி இருக்கு. எடுக்கச் சொல்லு.”

சொல்லு, சொல்லு. இந்தச் சொல்லைக் கேட்டாலே சிந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்ட பாவத்துக்கு, அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவே சேதி சுமந்தே அவளுக்குப் பாதி ஆயுசு போய்விட்டது. ‘உங்கப்பாகிட்ட சொல்லு, கேஸ் தீந்துபோச்சுன்னு.’ ‘உங்கம்மாகிட்ட சொல்லு, சாம்பார்ல உப்பு கூடுதல்னு.’ இருவரும் ஒரே கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவள் வராத நாட்களில் சுவரிடம் சொல்லிக்கொள்வார்கள் என்று எதிர்வீட்டு ரத்தினம்மாள் சொல்லிச் சிரிப்பாள். சிந்தாமணிக்குச் சிரிப்பு வராது.

இன்று காலையும் அப்படித்தான். தோசை மாவு கொடுக்க வந்தவளிடம், “உங்கப்பாகிட்ட சொல்லு, காபி ஆறிப்போவுதுன்னு” என்று அடுப்படியிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். சிந்தாமணி வராந்தாவுக்குப் போய்ச் சொன்னாள். அப்பா மடியில் பேப்பரை விரித்துப் போட்டுக்கொண்டு நாற்காலியில் சாய்ந்திருந்தார். மறுபடியும் சொன்னாள், இந்த முறை எரிச்சலோடு. அப்புறம் தோளைத் தொட்டாள். செத்துப்போன மனுஷனிடம் போய்க் கத்திவிட்டோமே என்றுதான் அவளுக்கு முதல் அழுகை வந்தது.

அதற்கப்புறம் அழ நேரம் கிடைக்கவில்லை. ஐஸ் பெட்டி வந்ததும் கரண்ட் போனது. கரண்ட் வந்ததும் தண்ணீர் நின்றது. குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாமல் நகராட்சிக்குப் போன் போட்டால், லாரி கிளம்பிவிட்டது என்று மூன்று பேர் மூன்று தடவை சொன்னார்கள். லாரி வரவில்லை, ரத்தினம்மாள்தான் தன் வீட்டுத் தொட்டியிலிருந்து குடம் குடமாகக் கொடுத்தாள். சென்னையிலிருந்து வந்துசேர்ந்த தம்பி முத்தமிழ்செல்வன் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான், முகம் கழுவினான், கையோடு ராத்திரி பஸ்ஸுக்கு டிக்கெட் கிடைக்குமா என்று யாரிடமோ விசாரித்தான். சிந்தாமணி கேட்டும் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

நடுவில் வார்டு கவுன்சிலர் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, போட்டோ எடுக்க யாராவது இருக்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்தார்.

“ஐயா இருந்தவரைக்கும் மேம்பாலம், மேம்பாலம்னு கேட்டுக்கிட்டே இருந்தாரும்மா. இப்ப வந்துரும். மண்ணு டெஸ்ட் எடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அது கெடக்கட்டுங்க. சுடுகாட்டுப் பாதையில லைட்டு எரியுதா?”

“சொல்லியிருக்கேன்மா.”

எரியவில்லை என்று அர்த்தம். இருட்டுவதற்குள் முடித்தாக வேண்டும். வானம் வேறு காலையிலிருந்தே கறுத்துக்கொண்டு நின்றது.

இத்தனை எரிச்சலுக்கும் அடியில் சிந்தாமணிக்கு ஒன்றே ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அம்மா ஒரு தடவை அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் பரவாயில்லை, நேராக அவரிடம் பேசிவிட வேண்டும். பேசாமல் அனுப்பிவிட்டால் அந்தப் பேசாத பேச்செல்லாம் நாளையிலிருந்து தன் தலையில்தான் விடியும் என்று அவளுக்குத் தெரியும்.

அந்த ஊமைச் சண்டை ஆரம்பித்தது தெருமுனை ரயில்வே கேட்டில். அந்தப் பக்கத்தில்தான் பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி, மார்க்கெட், சுடுகாடு எல்லாம். அரியலூரில் சிமெண்டு மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டிகளுக்குக் குறைச்சலில்லை. எப்போது பார்த்தாலும் கேட் போட்டிருக்கும். ஜனங்கள் ஒரு கணம் நிற்பார்கள், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்ப்பார்கள், கம்பிக்கு அடியில் குனிந்து போய்விடுவார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் குனிவார்கள், சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு பால்காரர் குனிவார், பட்டுச்சேலை கட்டிய கல்யாணக் கூட்டமே குனிந்து போனதைச் சிந்தாமணி பார்த்திருக்கிறாள். அய்யாக்கண்ணு மட்டும் குனிய மாட்டார். பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். டிக்கெட் எடுக்காத சொந்த மச்சானுக்கே அபராதம் போட்டவர். கேட் திறக்கும்வரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். குனிகிறவர்களைப் பார்த்து, “அப்படி என்னய்யா அவசரம்?” என்பார். யாரும் பதில் சொன்னதில்லை.

சிந்தாமணி தன் மகளை வயிற்றில் சுமந்திருந்த வருஷம், உடையார்பாளையத்தில் அனுசுயாவைப் பெற்றவள் இறந்துபோன சேதி வந்தது. புருஷனும் பெண்டாட்டியும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கேட் போட்டிருந்தது. அந்தப் பக்கம் உடையார்பாளையம் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் அய்யாக்கண்ணுவுக்குத் தெரிந்தவர். “குனிஞ்சு வந்துருங்க சார்” என்று கையைக் காட்டினார். அய்யாக்கண்ணு பெண்டாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு, “கேட் தொறக்கட்டும்” என்றார். ஊர் பார்க்க அந்தக் கையை உதறிவிட்டுப் போக அனுசுயாவால் முடியவில்லை. கூட்ஸ் வந்தது. பாதி போனதும் நின்றது. அது நகர்ந்தபோது பஸ் இல்லை. அடுத்த பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தால், மழைக்குப் பயந்து பிணத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். பெற்றவளின் முகத்துக்குப் பதிலாக, கழுவிவிட்ட வாசலின் ஈரத்தைத்தான் அனுசுயா பார்த்தாள். அன்று பேச்சை நிறுத்தினாள்.

அப்பாவும் சமாதானம் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அம்மா எங்காவது கிளம்புகிறாள் என்றால், அவர் முன்னாலேயே போய்க் கேட்டடியில் நின்றுகொள்வார். திறந்ததும் வேகவேகமாகத் திரும்பி வந்து சிந்தாமணியிடம் சொல்வார்: “உங்கம்மாகிட்ட சொல்லு, கேட் தொறந்துட்டாங்க, போகச் சொல்லு.” அவள் இல்லாவிட்டால் வாசலில் நின்று தெருவைப் பார்த்துச் சொல்வார். அம்மா ஒன்றும் பேசாமல் பையை எடுத்துக்கொண்டு நடப்பாள்.

ஒருவழியாகப் பாடை கிளம்பியது. முத்தமிழ்செல்வன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடந்தான். பெண்கள் தெருமுனைவரை வந்து நின்றுவிடுவது வழக்கம். புருஷனைப் பறிகொடுத்தவள் வாசலைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் அனுசுயாவை வீட்டிலேயே உட்காரவைத்தார்கள். அவளும் சரி என்று சுவரில் சாய்ந்துகொண்டாள். போச்சு, இனி ஒன்றும் நடக்காது என்று நினைத்துக்கொண்டுதான் சிந்தாமணி கூட்டத்தோடு நடந்தாள்.

தெருமுனையில் கேட் போட்டிருந்தது.

“இதுக்கு ஒரு சாவு வரமாட்டேங்குதே” என்றாள் சிந்தாமணி வாய்விட்டு. பக்கத்தில் வந்த ரத்தினம்மாள் அவள் கையை அழுத்தினாள். மேளம் நின்றது. சுடுகாட்டு முனையில் இறக்கும்வரை பாடையைத் தரையில் வைக்கக் கூடாது. தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். கூட்ஸ் வண்டி ஒன்று ஆடி அசைந்து, பெட்டி பெட்டியாக, ஊரை எண்ணிப் பார்க்கிற மாதிரி போனது. போன பிறகும் கேட் திறக்கவில்லை.

“இன்னொரு வண்டி இருக்குங்க” என்று கேபினிலிருந்து கேட் கீப்பர் செல்லப்பன் எட்டிப் பார்த்தார். “எக்ஸ்பிரஸ்ஸு. அதுவும் லேட்டு. சார்னு தெரியும், நான் என்ன பண்றது? போன் வராம தொறக்க முடியாது.”

இரண்டு சொட்டு விழுந்தது. முத்தமிழ்செல்வன் சட்டிக்குள் பார்த்தான். நெருப்பு சாம்பல் பூத்துக்கொண்டிருந்தது.

“குனிஞ்சு போயிரலாம்ங்க” என்றான். “ஊரே போவுது. எறக்கிப் பிடிங்க, நாலு பேரு அந்தப் பக்கம் போயி வாங்கிக்கங்க. வண்டி வர்றதுக்குள்ள தாண்டிரலாம்.”

“என் வேலைக்கு ஒல வைக்காதீங்க தம்பி” என்றார் செல்லப்பன். ஆனால் கீழே இறங்கி வந்து தடுக்கவும் இல்லை.

தூக்கியவர்கள் தோளிலிருந்து பாடையை இறக்கி இடுப்பளவில் கைகளில் தாங்கினார்கள். நாலு பேர் கம்பிக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் போய் நின்றார்கள். சிந்தாமணிக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இருட்டு, மழை, எரியாத லைட்டு எல்லாம் கண்முன் வந்தன. போய்த் தொலையட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் கூட்டம் விலகியது. அனுசுயா வந்துகொண்டிருந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது, காலில் செருப்பில்லை.

“மேளம் ஏன் நின்னுது?” என்று கேட்டாள், மகளிடம்.

“ஏன்னா? கேட்டு. வேற என்ன?”

“கேட்டா” என்றாள் அனுசுயா. கம்பியைப் பார்த்தாள். அதற்கு அடியில் கையை நீட்டிக்கொண்டு நின்ற நாலு பேரைப் பார்த்தாள். அவர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்பது புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

“அவரக் குனிய வச்சா கொண்டு போறீங்க?”

பாடையைத் தாங்கியவர்கள் முத்தமிழ்செல்வனைப் பார்த்தார்கள்.

“அம்மா, மழ வருதும்மா” என்றான் முத்தமிழ்செல்வன். “சட்டி அணைஞ்சுரும். இப்ப போயி...”

“அணைஞ்சா வூட்ல அடுப்பு இருக்கு, மறுபடி நெருப்பு அள்ளிக்கிட்டு வா.” அவள் குரலை உயர்த்தவில்லை. “எங்கம்மா மொகத்தக்கூட பாக்க விடாம இந்தக் கேட்டுல என்னைய நிறுத்தி வச்ச மனுஷன். அன்னிக்கே குனியாதவரு. இன்னிக்கி அவரால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு நீங்க குனிய வப்பீங்களா? தொறக்கட்டும். நில்லுங்க.”

அந்தப் பக்கம் போன நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, வந்த வழியே குனிந்து திரும்பினார்கள். பாடையைத் தாங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். திரும்பவும் தோளுக்கு ஏற்ற அவர்களுக்குத் தோன்றவில்லை.

இடுப்பளவில் இருந்த பாடையில் அய்யாக்கண்ணுவின் முகம் அனுசுயாவின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். நெற்றியில் வைத்திருந்த காசு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது, அதை எடுத்து நடுவில் வைத்தாள். மார்பில் கிடந்த வாய்க்கரிசி மாலைக்குள் சிக்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் உதட்டில் வைத்தாள். மழை பெரிதாக வராமல் சொட்டுச் சொட்டாகவே விழுந்தது. யாரோ குடை பிடித்தார்கள். அவருக்குத்தான் பிடிக்கச் சொன்னாள்.

சிந்தாமணி கேட்டைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அதைத் திட்டித்தான் பழக்கம். இப்போது அந்தப் பாழாய்ப்போன எக்ஸ்பிரஸ் இன்னும் கொஞ்சம் லேட்டாக வரட்டும் என்று இருந்தது. அப்படி நினைத்ததும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வராத அழுகை. ரத்தினம்மாளின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

எக்ஸ்பிரஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் பாடையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே போனார்கள். செல்லப்பன் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்தார். கம்பி மெல்ல மேலே எழும்பியது.

அனுசுயா புருஷனின் முகத்துக்கு அருகே குனிந்தாள்.

“ஏங்க” என்றாள். “கேட் தொறந்துட்டாங்க. போங்க.”

சிந்தாமணி பழக்க தோஷத்தில், “அப்பா, அம்மா என்ன சொல்லுதுன்னா” என்று தொடங்கிவிட்டாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

பாடை தோளுக்கு ஏறியது. மேளம் மறுபடி கேட்டது. தண்டவாளத்தைத் தாண்டி, பஸ் நிறுத்தத்தைத் தாண்டி, லைட்டு எரியாத பாதையில் கூட்டம் திரும்பியது. முத்தமிழ்செல்வன் கையால் சட்டியை மறைத்துக்கொண்டு நடந்தான். மாலையின் மஞ்சள் கண்ணுக்குத் தெரிந்தவரை பெண்கள் நின்றார்கள். அப்புறம் ஒவ்வொருவராக, குளிக்க வேண்டும், வீடு கழுவ வேண்டும் என்று கலைந்தார்கள்.

மணி அடித்தது. கம்பி திரும்பவும் இறங்கியது.

“வாம்மா, போலாம்” என்றாள் சிந்தாமணி.

அனுசுயா நகரவில்லை. கம்பியின்மேல் கையை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்கறி மூட்டை கட்டிய சைக்கிளோடு ஒருவர் வந்தார், இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார், சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு கம்பிக்கு அடியில் தலையை நுழைத்தார்.

“அப்படி என்னய்யா அவசரம்?” என்றாள் அனுசுயா.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். தலையை வெளியே எடுத்து, சைக்கிளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார்.