பேன்ட்டுக்குள் இருந்த ஆள்

ஒன்பது ஆண்டுகளாக நான் ஒரு பேன்ட்டுக்குள் இருக்கும் வேலையைப் பார்த்துவருகிறேன். பேன்ட் அரக்கு நிறம். அரசாணைப்படி அதுதான் தாய்.

தீக்கோழிக் குஞ்சு முட்டையை உடைத்துக்கொண்டு வந்ததும் கண்ணில் படுவதைத் தாய் என்று எடுத்துக்கொள்ளும். எங்கள் பண்ணையில் அதன் கண்ணில் படுவது ஒரு ஜோடி முழங்கால். அதற்கு மேல் அது பார்ப்பதில்லை. பார்க்கலாம், கழுத்து இருக்கிறது. சாதாரணக் கழுத்தா அது? அவ்வளவு நீளக் கழுத்தை வைத்துக்கொண்டு முழங்காலோடு நின்றுவிடும் ஒரு ஜென்மத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை, எங்கள் தலைமை அலுவலகத்தைத் தவிர.

வருகைப் பதிவேடும் பேன்ட்டுக்குத்தான். காலை ஏழு மணிக்கு ‘பேன்ட் வந்தது’ என்று எழுதுவார்கள். மாலை ஐந்து மணிக்கு ‘பேன்ட் சென்றது’. நான் வந்ததற்கும் சென்றதற்கும் எழுத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. ஒருமுறை காய்ச்சல் என்று விடுப்பு கேட்டேன். பேன்ட்டுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

குஞ்சுகள் மொத்தம் இருபத்திரண்டு. எல்லாவற்றையும் நான்தான் வளர்த்தேன். அவற்றில் ஒன்றுக்குக்கூட அறிவு கிடையாது.

சாப்பிடவே சொல்லித்தர வேண்டும். முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கித் தரையில் தூவி, விரலால் டொக் டொக்கென்று தட்ட வேண்டும். தட்டினால் கொத்தும். தட்டுவதை நிறுத்தினால் கீரையை மிதித்துக்கொண்டே பட்டினி கிடக்கும். ஆணி, பித்தான், சாவி, கண்ணாடிச் சில்லு இவை மட்டும் யாரும் தட்டாமலே உள்ளே இறங்கும்.

காலை வெயில் பட்டதும் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு சுற்றத் தொடங்கும். ஏன் சுற்றுகிறது என்று மற்ற இருபத்தொன்றும் யோசிக்கவா போகின்றன? அவையும் சுற்றும். கால் பின்னி விழும். எழுந்து, விழுந்த இடத்தைக் கோபமாகப் பார்க்கும். எங்கள் சொந்தக்காரர்களில் இப்படிப் பலர் உண்டு.

போன மாதம் வேலியை எடுத்துவிட்டார்கள். பிரிவு எழுத்தர் ரெஜினா மேரி கம்பமாக மாறிக்கொண்டிருந்ததால், தனியாக ஒரு வேலி எதற்கு என்று முடிவானது. அவருக்கு இடது பக்கம் முழுவதும் சவுக்குக் கம்பம். வலது கையால் இன்னும் கையெழுத்துப் போடுவார். குஞ்சுகள் வேலி இருந்த இடம்வரை நடந்து, நின்று, திரும்பி, மறுபடி அந்த இடம்வரை நடந்தன. அந்தப் பக்கம் நூறு ஏக்கர் புல் கிடந்தது. திரும்பும் இடத்தில் மண் தேய்ந்து வாய்க்கால் மாதிரி ஆகிவிட்டது.

இந்தக் கூட்டத்தோடு நான் காலத்தைக் கழித்திருப்பேன். வீட்டுக் கதவில் எழுதாமல் இருந்திருந்தால்.

ஒரு மாலை வீட்டுக்குப் போனால் கதவில் சுண்ணாம்பால் ‘காலி’ என்று எழுதியிருந்தது. உள்ளே என் மனைவி சரசாத்தா தோசை சுட்டுக்கொண்டிருந்தாள்.

“யாரு எழுதுனது?” என்றேன்.

“ஆபீஸ்ல இருந்து வந்தாங்க. குடியிருப்போர் பட்டியல்ல இந்த வூட்டுக்குப் பேரு இல்லியாமா. வெள்ளிக்கிழமை பட்டியலை மூடிப்போடுவாங்களாமா.”

“நான் இருக்கறேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன்.” அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். “அப்புறம் யோசிச்சுப் பாத்தேன்.”

அன்றைக்கு அவள் ஒரு தட்டுதான் எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் நான் இல்லையென்றால், வீட்டிலும் நான் இல்லை. 

மறுநாள் மனுவோடு அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். கொட்டகையிலிருந்து அலுவலகத்துக்கு வராந்தா பதினெட்டு அடி. கையில் மனு இருந்தால் நீளும். அன்று நடுவில் இரண்டு பேருந்து நிறுத்தங்கள் முளைத்திருந்தன. ஒன்றில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பேருந்து வருமா என்று கேட்டேன். வராது என்றார்கள். பிறகு ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். இது நிறுத்தம் என்றார்கள். இவர்களோடு எனக்கு என்ன பேச்சு என்று நடந்தேன்.

ரெஜினா மேரி என் முழங்காலைப் பார்த்தார்.

“பேன்ட் வந்திருக்குது. சொல்லுங்க.”

“பேன்ட் இல்லீங்க மேடம். நான் நாச்சிமுத்து. உள்ள இருக்கறவன்.”

“எழுத்துல இருக்குதுங்களா?”

“அதுக்குத்தானுங்க மனு.”

“மனு குடுக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க. ஆளு இல்லாம மனுவ மட்டும் எப்படி வாங்கறது?”

நான் மனுவை மேசையில் வைத்தேன். மேசை அதை மெதுவாக என் பக்கம் தள்ளியது. ரெஜினா மேரி அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பாதி மரம். மரத்திடம் எவ்வளவுதான் எதிர்பார்ப்பது?

“ஒரு வழி இருக்குதுங்க,” என்றார் கடைசியில். “அடையாளச் சோதனைன்னு பேரு. பேன்ட்டைக் கழட்டிப்போட்டு நீங்க தனியா நடக்கோணும். ஒரு குஞ்சாவது உங்க பின்னால பத்தடி வந்துதுன்னா, நீங்க இருக்கறீங்கன்னு எழுதிப்போடலாம்.”

“எனக்குச் சாட்சி அந்தச் சனியன்களா?”

“தெனமும் உங்களைப் பாக்கறது வேற யாருங்க?”

  அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை காலை என்று தேதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். திரும்பும்போது கையில் மனு இல்லை, வராந்தா பதினெட்டு அடிதான்.

இருபத்திரண்டில் ஒன்று போதும். எது வரும் என்று யோசித்தேன். யோசிக்க அதிகம் ஒன்றும் இல்லை. ஒன்பதாம் எண்தான்.

இருப்பதிலேயே மட்டமானது ஒன்பதாம் எண். பக்கத்தில் நிற்பவற்றின் முதுகு இறகைப் பிடுங்கித் தின்னும். பதினாலாம் எண்ணின் முதுகு அதனால் மொட்டை. என் வீட்டுச் சாவியை ஒருமுறை விழுங்கிவிட்டு, இரண்டு நாள் என்னைத் தன் பின்னால் அலையவிட்டது. ஆனால் பொரிந்தபோது அதற்குக் கால் இரண்டு பக்கமும் அகன்றிருந்தது. நிற்க முடியாது. அப்படிப்பட்டதைக் கிழக்கு வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள். கிழக்கு வாசலுக்கு அந்தப் பக்கம் எதுவும் இல்லை. நான் என் கைக்குட்டையைக் கிழித்து அதன் இரண்டு காலையும் சேர்த்துக் கட்டினேன். பதினோரு நாள் மடியில் வைத்து ஊட்டினேன். மடியில் இருந்தால் முழங்காலா தெரியும்? முகம் தெரியும்.

புதன்கிழமை முழுக்க அதனிடம் பேசிப் பார்த்தேன். “நாந்தான். நல்லாப் பாரு. பேன்ட்டு இல்ல, நான்,” என்றேன். அது என் பேன்ட் பாக்கெட்டிலிருந்த பேனா மூடியைத் தின்றது. இவ்வளவு கேவலமான ஒன்றிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறோமே என்று எனக்கே கூசியது. ஆனால் அது வர வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். பட்டியலுக்காக மட்டும் இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வியாழக்கிழமை காலை சோதனை அதிகாரி வந்தார். பெயர் திருஞானம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே வந்தார். உண்மையில் அந்த நாற்காலிதான் அதிகாரி. இவர் அதில் இருப்பவர், என்னைப் போல. அது அவருக்குத் தெரியாது. அதனால் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“கழட்டலாம்,” என்றார்.

ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் பேன்ட்டைக் கழற்றினேன். கால்கள் இருந்தன. மெலிந்திருந்தன. முழங்கால் கொஞ்சம் பின்பக்கமாக மடங்குவது போலத் தெரிந்தது. நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. கல்யாண வேட்டியைக் கட்டிக்கொண்டேன். சட்டைப் பித்தான்களைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

பியூன் மாரண்ணன் பேன்ட்டை ஒரு தொரட்டிக்கோலில் மாட்டித் தூக்கிப் பிடித்தார். நான் மேற்கே நடக்க வேண்டும். பேன்ட் தெற்கே போகும். அதிகாரி விசில் ஊதினார்.

இருபத்தொரு குஞ்சுகளும் பேன்ட்டின் பின்னால் ஓடின. யோசனை இல்லை, தயக்கம் இல்லை, ஒன்றாவது திரும்பிப் பார்த்ததா? வெறும் துணி. காலே இல்லாத துணி. அதன் பின்னால் இப்படி இளித்துக்கொண்டு ஓடும் கூட்டத்தையா நான் கீரை நறுக்கி வளர்த்தேன்?

ஒன்பதாம் எண் மட்டும் நின்றது.

அது முதலில் என் வேட்டியைப் பார்த்தது. பிறகு கழுத்தைத் தூக்கியது. இடுப்பைப் பார்த்தது. நெஞ்சைப் பார்த்தது. ஒன்பது ஆண்டுகளில் தரையிலிருந்து என் நெஞ்சுவரை வந்த முதல் பார்வை அது. 

“வா கண்ணு,” என்றேன். அந்த வார்த்தையை நான் சரசாத்தாவிடம்கூடச் சொன்னதில்லை.

நான் பின்பக்கமாகவே நடந்தேன். அது வந்தது. ஓர் அடி. மூன்று அடி. அகன்று பிறந்த காலை நேராக வைத்து நடந்து வந்தது, நான் கட்டிய கட்டு அப்படி. ஆறு அடி. அதிகாரி பேனாவைத் திறந்தார். எட்டு அடி.

ஒன்பதாவது அடியில் அது என் இரண்டாவது பித்தானைக் கொத்தி விழுங்கியது.

“இது பின்தொடர்தல் இல்ல,” என்றார் அதிகாரி. “தீனி எடுத்தல். அதுக்குத் தனிப் பத்தி இருக்கு.”

“இன்னும் ஒரு அடிதானுங்க ஐயா. வருமுங்க.”

“வந்தா எழுதறேன்.”

ஒன்பதாம் எண் என்னைப் பார்த்தது. என் முகத்தில் தின்பதற்கு எதுவும் இல்லை என்று தெரிந்துகொண்டது. கழுத்தைத் தாழ்த்தியது. திரும்பித் தெற்கே ஓடியது. பதினோரு நாள் மடி, ஒரு கைக்குட்டை, ஒரு சாவி. எல்லாம் ஒரு பித்தானோடு முடிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஒரு கோழிக்காக அழுகிறோமே என்ற ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் பேன்ட்டைப் பார்த்தேன்.

காற்று உள்ளே புகுந்து அது உப்பியிருந்தது. வெயிலில் அரக்கு நிறம் பளபளத்தது. இடது கால், வலது கால் என்று நிதானமாக நடந்தது. நான் உள்ளே இருந்தவரை அது இவ்வளவு நன்றாக நடந்ததில்லை. இத்தனை நாள் அதை வெளியிலிருந்து நான் பார்த்ததே இல்லை.

என் கால் தெற்கே திரும்பியது.

“நாச்சிமுத்து, வேண்டாமுங்க!” என்றார், வேலி இருந்த இடத்தில் நட்டு வைத்திருந்த ரெஜினா மேரி. அவரிடம் மிச்சம் இருந்தது வாய் மட்டும்தான். அலுவலகத்தில் என் பெயரை ஒருவர் சொன்னது அதுதான் முதல்முறை. ஆனால் கம்பத்தின் சாட்சி செல்லாது. நானும் நிற்கவில்லை. நடந்தேன். பிறகு ஓடினேன். பின்பக்கம் மடங்கும் முழங்காலுக்கு ஓட்டம் சுலபமாக வந்தது.

வேலி இருந்த இடத்தில் பேன்ட் நின்றது. எல்லோரும் நின்றோம். அதிகாரி விரலை நீட்டி எண்ணினார்.

“இருபத்தி மூணு.”

“இருபத்திரெண்டுதானுங்க ஐயா,” என்றார் மாரண்ணன்.

அதிகாரி மறுபடி எண்ணினார். “இருபத்தி மூணு. ஒண்ணை எழுதாமயே விட்டிருக்கீங்க. ஒன்பது வருஷமா என்னய்யா புடுங்கிட்டு இருந்தீங்க?”

“இந்தக் கடைசியா நிக்கறதுங்களா? இதைப் பாத்த ஞாபகமே இல்லீங்களே.”

“எழுதிக்க. எண் இருபத்தி மூணு. பேரு ஏதாவது வெச்சிருக்கீங்களா இதுக்கு?”

“நாச்சிமுத்து,” என்றேன்.

அதிகாரி சத்தம் வந்த திசையைப் பார்த்தார். அங்கே ரெஜினா மேரியின் கம்பம்தான் இருந்தது. தோளைக் குலுக்கிவிட்டு எழுதினார். அழகான கையெழுத்து. கீழே முத்திரையும் குத்தினார். வெள்ளிக்கிழமைக்கு ஒரு நாள் முன்னதாகவே நான் எழுத்தில் ஏறிவிட்டேன். கொட்டகையில் இடமும் ஒதுக்கினார்கள், பதினாலாம் எண்ணுக்குப் பக்கத்தில்.

மாரண்ணன் முருங்கைக்கீரையை நறுக்கித் தூவிவிட்டுப் போனார். எனக்கு நல்ல பசி. கீரை என் காலடியில்தான் கிடந்தது. யாரும் தட்டவில்லை. காத்திருந்தோம்.

எனக்கு முன்னால் ஒன்பதாம் எண் நின்றது. என் பித்தான் அதன் கழுத்துக்குள் மெதுவாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அறிவுகெட்ட ஜென்மம். இப்போது மட்டும் அது தலையைத் திருப்பினால் என் முகம் நேராகத் தெரியும். திருப்பியதா என்று எனக்குத் தெரியாது. நான் அதன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.