பின்சீட்டின் அளவு

பத்தாவது துளையோடு மூச்சு வாங்க ஆரம்பித்தது. குத்தூசியைத் தோலிலேயே நிற்க விட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். முன்பெல்லாம் காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு முழு சீட்டைத் தைத்துத் தூக்கிப் போடுகிற ஆள். இப்போது பத்துத் துளைக்கு ஒரு ஓய்வு, இருபதுக்கு ஒரு டம்ளர் வெந்நீர். என் கடைக்கு வந்த மோட்டார் சைக்கிள்காரர்கள் யாராவது பார்த்தால், சீட் தைக்கிறானா, பூத்தையல் போடுகிறானா என்று கேட்பார்கள்.

நுரையீரலில் தொற்று. ஆஸ்பத்திரியில் நாற்பத்தொரு நாள் தனி அறையில், கண்ணாடிக்கு உள்ளே படுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இனி யாருக்கும் ஒட்டாது, ஆனால் இன்னும் இரண்டு மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் முதல் பாதி என் மனைவியின் காதில் விழவில்லை போலிருக்கிறது. அவள் இன்னும் முன் அறையில்தான் படுக்கிறாள். மருந்து கொடுக்கிறாள், கஞ்சி கொடுக்கிறாள், நெற்றியில் கை வைத்துச் சூடு பார்க்கிறாள். ஆனால் அது நர்ஸின் கை. எனக்கு வேண்டியது வண்டியில் என் பின்னால் உட்கார்ந்து, வேகத்தடை வரும்போதெல்லாம் என் தோளை இறுக்கிப் பிடிக்கிற கை. பதினாறு வருஷம் அந்தக் கையை ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை. இப்போது அதற்காக ஏங்குகிறேன். ஐம்பது வயதில் இதை வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருந்தது. கேட்கத் தெரியாதவன் தைக்க உட்கார்ந்தேன்.

சொந்த வண்டிக்கு நல்ல தோலில் சீட் போட வேண்டும் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். கிழிந்த ரெக்ஸினை உரித்துவிட்டுப் புது ஃபோமைச் செதுக்கினேன். முன்பாதி எனக்கு. பின்பாதி அவளுக்கு. அவள் ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள், இரண்டு காலும் இடதுபக்கம் தொங்கும். அதற்கேற்றபடி இடது ஓரத்தைச் சரித்து, தொடை அழுந்தாமல் வழித்துவிட்டேன். அந்தச் சரிவுக்குத் தோலை வெட்டி, ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒரே துளையில் எதிரெதிராக இழுத்துத் தைத்தேன். பன்னிரண்டு நாள் வேலை. வாடிக்கையாளர் யாரையும் அட்டைமேல் உட்காரவைத்து, உடம்பு பதிந்த குழியை அளவு பார்க்காமல் நான் கத்தியைத் தொட்டதே இல்லை. சொந்தப் பெண்டாட்டிக்கு மட்டும் மனக்கணக்கு. அவளைத் தெரியாதா எனக்கு என்கிற திமிர்தான்.

கடைசித் துளையை முடித்த அன்று சாயங்காலம் அவள் வேலைவிட்டு வந்தாள். பின்கட்டுக் கொட்டகையில் வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, ஃபோமை மாட்டிவைத்திருந்தேன்.

"தோல் போத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவ உக்காந்து பாரு."

பையை ஆணியில் மாட்டினாள். வேறெதையோ யோசித்துக்கொண்டே வந்தவள், காலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டு முன்பாதியில் உட்கார்ந்தாள். இடதுகால் தானாக கியரைத் தேடியது, வலதுகை ஆக்ஸிலேட்டரில் போய் நின்றது. பிறகுதான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. கையை எடுக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், பொய் சொல்லக்கூடாது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, நான் திரும்பி வந்து எடுக்கிறவரை யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். வண்டி எனக்காகக் காத்திருந்தால் திரும்பி வந்துவிடுவேன் என்று ஒரு பைத்தியக்கார நம்பிக்கை.

"எப்பருந்து?" என்றேன்.

"நீங்க உள்ள போன பத்தாம் நாள்லருந்து. உங்க கடைப்பக்கத்து மெக்கானிக் அண்ணன்தான் கத்துக்குடுத்தாரு." கைப்பிடியைப் பார்த்தபடியே சொன்னாள். "ராத்திரி எட்டு மணிக்குத்தான் கண்ணாடிகிட்ட விடுவாங்க. ஏழரையோட பஸ் நின்னுடும். வராம இருக்கச் சொல்றீங்களா?"

தினமும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். எப்படி வந்தாள், எப்படித் திரும்பினாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒருநாள் முழங்கையில் கட்டு இருந்தது. கதவில் இடித்துக்கொண்டேன் என்று போனில் சொன்னாள், நானும் நம்பினேன். நன்றாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறேன் இவளை.

கோபம் போன இடத்தில், மூன்று மாதமாகத் தொண்டையில் நின்ற கேள்வி தானாக வந்துவிட்டது.

"அப்புறம் ஏன் முன்ரூம்ல படுக்கற?"

ஆக்ஸிலேட்டரை ஒருமுறை வெறுமனே திருகிவிட்டாள்.

"கிட்ட படுத்தா மூச்சு வருதா, வருதான்னு எண்ணிக்கிட்டே கெடப்பேன். வீட்டுக்கு வந்த மொத ரெண்டு நாள் அப்படித்தான் இருந்தேன், பொட்டுத் தூக்கம் இல்ல. தள்ளிப் படுத்தா இருமல் சத்தம் மட்டும் கேக்கும். அது போதும்னு இருந்துட்டேன்."

 அவள் இறங்கப் பார்த்தாள். இறங்காதே என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். ஒரு பக்கமாக உட்காருகிறவளுக்குச் செதுக்கிய ஃபோம் என்னை இடதுபுறமாக வழித்துத் தள்ளியது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்க வேண்டும். கை அந்தரத்தில் தடுமாறியது.

"கைய எங்க வைக்கிறதுன்னு தெரியல," என்றேன்.

"நான் எங்க வச்சேன்?"

அவள் தோளில் வைத்தேன். முன்பைவிட எலும்பாக இருந்தது. அவளும் இளைத்திருக்கிறாள் என்பதை அதுவரை நான் பார்க்கவேயில்லை. பன்னிரண்டு நாள் தையலைப் பிரித்தாக வேண்டும். முன்பாதியை இவளுக்காகக் குறுக்க வேண்டும், பின்பாதியை எனக்காகச் சமன் செய்ய வேண்டும். ஃபோமில் விழுந்த குழி நாங்கள் எழுந்த நொடியே மேலே வந்துவிடும், அதற்குள் சுற்றிக் கோடு போட்டுவிட வேண்டும். சாக்பீஸ் என் சட்டைப்பையில்தான் இருந்தது. எதிரே கொட்டகைச் சுவர், பின்சக்கரம் தரையைத் தொடாமல் நின்றது. அவள் கொஞ்சம் பின்னால் சாய்ந்தாள். என் மூச்சு அவள் முதுகில் பட்டுப் பட்டுத் திரும்பியது. அவள் எண்ணுகிறாள் என்று தெரிந்தது. நான் எழவில்லை.